கேடிஸ் பூச்சியில் புதிய சிற்றினம்: அடையாளம் காண்பதும் விவரிப்பதும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரையில் இருட்டிய பிறகு ஒரு விளக்கை ஏற்றிவைத்தால், அந்துப்பூச்சிகளோடு சேர்ந்து பழுப்பும் சாம்பலும் கருமையுமான சிறு பூச்சிகள் வந்து அமரும். சிறகுகளை ஓட்டுக் கூரையைப் போல உடலின் மேல் சாய்த்து மூடி, நீண்ட உணர்கொம்புகளை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும் இவற்றைப் பலரும் அந்துப்பூச்சி என்றே எண்ணிவிடுவார்கள். ஆனால் கைலென்ஸின் அடியில் பார்த்தால் சிறகின் மேல் செதில்களுக்குப் பதிலாக மயிர்கள் தெரியும். வாயில் சுருண்ட உறிஞ்சுகுழல் இருக்காது. இவையே டிரைக்கோப்டெரா வரிசையைச் சேர்ந்த கேடிஸ் பூச்சிகள். உலகில் இதுவரை 16,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களும், இந்தியாவில் 1,000-க்கும் மேற்பட்டவையும் விவரிக்கப்பட்டிருக்கின்றன. தென்னிந்திய மலை ஓடைகளில் இன்னும் பெயரிடப்படாதவை கிடைப்பது அரிதன்று.

கிடைப்பது எளிது; அது புதியது என்று நிறுவுவதுதான் கடினம். ஒரு மாதிரியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதன் மேல் 'புதியது' என்று எழுதியிருக்காது. ஏற்கெனவே பெயர் பெற்ற எந்தச் சிற்றினத்தோடும் அது பொருந்தவில்லை என்று காட்டும்போதுதான் அது புதியதாகிறது. ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி ஒப்பீட்டு வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த ஒப்பீட்டை நம்பத்தக்கதாக ஆக்குவதற்கே.

சேகரிப்பதற்கு முன்பும் சேகரிக்கும்போதும்

காப்புக் காடு, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் பூச்சிகளைப் பிடிக்க வனத்துறையின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். அனுமதி ஆணையின் எண்ணைக் கட்டுரையிலும் குறிப்பிட வேண்டியிருக்கும் என்பதால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பூச்சிகளைப் பிடிக்க மிகவும் பயன்படுவது புற ஊதா விளக்குப் பொறி. மின்கலத்தில் எரியும் சிறு புற ஊதாக் குழல்விளக்கை ஒரு வெள்ளைத் தட்டின் குறுக்கே வைத்து, தட்டில் விரற்கடை அளவுக்கு 80 விழுக்காடு எத்தனாலை ஊற்றி, ஓடையின் விளிம்பில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் போதும். அந்தி சாயும்போதே விளக்கை ஏற்றிவிட வேண்டும்; இருட்டத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் வரத்து மிகுதி. நிலவு ஒளிரும் இரவும், காற்று வீசும் இரவும், குளிர்ந்த இரவும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. எல்லாக் கேடிஸ் பூச்சிகளும் விளக்கைத் தேடி வருவதில்லை என்பதால், பகலில் கரையோரச் செடிகளை வலையால் வீசிப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது.

பிடித்தவை ஈரமானவை, அவற்றின் உடல்நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். மறுநாளே பழைய எத்தனாலை வடித்துப் புதியதை ஊற்றுங்கள். டிஎன்ஏ ஆய்வுக்கு என்று தனியாகச் சில பூச்சிகளை 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். எத்தனாலில் கிடந்தால் சிறகின் நிறமும் புள்ளிகளும் வெளிறிவிடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதோ, பிடித்த உடனேயோ ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது.

சீட்டு எழுதுவதைச் சில்லறை வேலையாக எண்ணுபவர்கள் உண்டு. சீட்டு இல்லாத மாதிரி அறிவியலுக்குப் பயன்படாது. நாடு, மாநிலம், மாவட்டம், ஓடையின் பெயர், அகலாங்கு நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், பிடித்த முறை, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலாலோ எத்தனாலில் கரையாத மையாலோ தடித்த தாளில் எழுதிக் குப்பிக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு என்றாவது ஒருநாள் உதிர்ந்துவிடும்.

குடும்பமும் பேரினமும்

குடும்பத்தைக் கண்டறிய நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தலையுச்சியில் எளிய கண்கள் உள்ளனவா என்பது. இரண்டாவது, வாயருகே தொங்கும் மேக்சில்லரி பால்ப் எனப்படும் உணர்நீட்சி. அதில் எத்தனை கணுக்கள், கடைசிக் கணு மற்றவற்றைப் போல விறைப்பாக இருக்கிறதா அல்லது நுண்வளையங்களோடு நீண்டு வளைகிறதா என்று பாருங்கள். சில குடும்பங்களில் பெண்ணுக்கு ஐந்து கணுக்களும் ஆணுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும் என்பதை மறந்தால் திறவுகோலில், அதாவது பண்புகளைப் படிப்படியாகக் கேட்டு அடையாளத்துக்கு இட்டுச்செல்லும் பட்டியலில், வழி தவறிவிடும். மூன்றாவது, கால்களின் டிபியாவில், அதாவது தொடைக்கு அடுத்த பகுதியில், உள்ள பெரிய முட்கள். முன்கால், நடுக்கால், பின்கால் என்ற வரிசையில் இவற்றின் எண்ணிக்கையை எழுதுவது வழக்கம். கிமாரா பேரினத்தில் இது 1-4-4, ரையகோஃபிலாவிலும் ஸ்டெனோப்சைக்கியிலும் 3-4-4. நான்காவது, சிறகின் நரம்பமைப்பும், தலையிலும் மார்பிலும் உள்ள மயிர்மேடுகளும்.

கொஞ்சம் பழகியபின் பல குடும்பங்கள் வெறுங்கண்ணுக்கே பிடிபடும். உடலைப் போல இரண்டு மூன்று மடங்கு நீண்ட மெல்லிய உணர்கொம்புகள் இருந்தால் பெரும்பாலும் லெப்டோசெரிடே. சில மில்லிமீட்டரே நீளமுள்ள, மயிரடர்ந்த குறுகிய சிறகுகளோடு விரைந்தோடும் பூச்சி ஹைட்ரோப்டிலிடே. ஆனாலும் முதல் சில மாதங்களுக்கு ஒவ்வொன்றையும் திறவுகோலில் முழுமையாக ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

பேரினம் வரை வந்தபின் சிறகின் நிறமும் உருவமும் அதிகம் உதவா. ஒரே ஓடையில் பறக்கும் கிமாரா பேரினத்தின் மூன்று சிற்றினங்கள் ஒரே கருமையோடு, ஒரே அளவில் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியும் இடம் ஆண் பூச்சியின் வயிற்று நுனி.

வயிற்று நுனியைத் தெளிவாக்குதல்

ஆணின் ஒன்பதாம், பத்தாம் வயிற்றுக் கண்டங்கள், அவற்றோடு இணைந்த மேல் இணையுறுப்புகள், கீழே பற்றுக்குறடாகச் செயல்படும் கீழ் இணையுறுப்புகள், உள்ளே இருக்கும் ஆண்குறி அமைப்பு, அதனுள் மடிந்து கிடக்கும் சவ்விலுள்ள நுண்முட்கள் ஆகியவைதான் சிற்றினத்தைத் தீர்மானிக்கின்றன. தசையும் கொழுப்பும் மூடியிருப்பதால் இவை அப்படியே தெரியா. அவற்றைக் கரைத்து, கைட்டின் என்ற இறுகிய பொருளாலான வெளிக்கூட்டை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும்.

நுண்ணிய இடுக்கியால் வயிற்றை மார்பிலிருந்து பிரித்தெடுங்கள். பழைய முறையில் அதை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு இரவு முழுவதும் விட்டுவைப்பார்கள், அல்லது மெல்லச் சூடாக்குவார்கள். மலிவான முறை இது. ஆனால் நேரம் கடந்துவிட்டால் மெல்லிய சவ்வுகளும் கரைந்து, பார்க்க வேண்டிய பகுதியே கண்ணாடியாகி மறைந்துவிடும். இன்று கேடிஸ் ஆய்வாளர்கள் பலர் விரும்புவது 85 விழுக்காடு லாக்டிக் அமிலத்தை. 2007-இல் பிளானிக், ஹோல்சென்தால், பிராதர் மூவரும் வெளியிட்ட முறை இது: வயிற்றை அமிலத்தில் இட்டு ஏறத்தாழ 125 பாகை செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் தசைகள் இளகிவிடும். மிகையாக வெளிறிப்போகும் ஆபத்து இதில் மிகவும் குறைவு என்பதால், புதிதாகத் தொடங்குபவர் இதையே கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. எந்த முறையானாலும் காற்றோட்டமுள்ள இடமும் கண்காப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

பிறகு மெல்லிய ஊசி பொருத்திய சிரிஞ்சில் நீரை எடுத்து, வயிற்றின் வெட்டுவாய் வழியாக மெல்லப் பாய்ச்சினால் கரைந்த குடலும் தசையும் வெளியேறும். இந்த நீரோட்டத்தைச் சற்றே அழுத்தினால் ஆண்குறிக்குள் மடிந்திருக்கும் சவ்வு சில வேளை வெளியே விரிந்து, முட்களின் எண்ணிக்கையும் இடமும் தெரியவரும். இறுதியில் குழிச்சில்லில் கிளிசரினை ஊற்றி அதில் வயிற்று நுனியை வையுங்கள். எந்த நிலையிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாதிரி மட்டும் வெளியே இருக்கட்டும். ஒரு பூச்சியின் வயிறு இன்னொரு பூச்சியின் மார்போடு சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பத்தை யாராலும் அவிழ்க்க முடியாது.

சிறகு முளைத்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே பிடிபட்ட பூச்சியின் கைட்டின் இறுகியிராது. அதன் உறுப்புகள் வளைந்தும் சுருங்கியும் புதுவடிவம் காட்டும். அப்படிப்பட்ட ஒற்றை மாதிரியைக் கொண்டு புதிய சிற்றினம் அறிவிப்பதைவிட அடுத்த பருவம் வரை காத்திருப்பது மேல்.

வரைதல்

பல குவியத்தில் எடுத்து ஒன்றாக்கும் இன்றைய அடுக்குப் புகைப்படங்கள் அழகானவை. இருந்தும் கேடிஸ் விவரிப்பில் கோட்டோவியமே முதன்மையாக இருக்கிறது, காரணமில்லாமல் அல்ல. புகைப்படம் ஒளி ஊடுருவும் அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். ஓவியம் எது முன்னால், எது பின்னால், எது சவ்வு, எது இறுகிய தகடு என்று பிரித்துச் சொல்லும். வரைய உட்காரும்போதுதான் நீங்கள் எதைப் பார்க்கவில்லை என்பதும் தெரியவரும்.

நுண்ணோக்கியில் பொருத்தும் வரைகுழாய் இருந்தால் பென்சிலால் நேரடியாகத் தாளில் வரையலாம். இல்லையென்றால் பல குவியத்தில் எடுத்த படங்களின் மேல் கணினியில் கோடிடலாம். இடப்பக்கத் தோற்றம், மேல் தோற்றம், கீழ்த் தோற்றம், ஆண்குறி தனியாகப் பக்கவாட்டில் என்ற நான்கும் குறைந்தபட்சத் தேவை. பக்கத் தோற்றத்தில் மாதிரி சரியாக நிற்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு: இடது, வலது கீழ் இணையுறுப்புகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். சற்றே சாய்ந்திருந்தாலும் உறுப்பின் அகலமும் வளைவும் மாறித் தெரியும்; அறிவிக்கப்பட்ட 'வேறுபாடு' சாய்வினால் வந்ததாகவே முடியலாம். மேல் தோற்றத்தில் ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கணினியில் பிரதிபலிக்கச் செய்வது வழக்கம்தான் என்றாலும், இருபக்கமும் சமச்சீராக உள்ளனவா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மறைந்திருப்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அளவுகோல் வரையுங்கள்.

ஒப்பிடுதல்

இதற்கே அதிக நாள் செல்லும். ஜான் மோர்ஸ் பொறுப்பில் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலிருந்து பராமரிக்கப்பட்டுவரும் டிரைக்கோப்டெரா உலகப் பட்டியலில் உங்கள் பேரினத்தின் பெயரிட்டுத் தேடினால், அதன் எல்லாச் சிற்றினங்களும் முதல் விவரிப்பு வெளிவந்த இதழும் ஆண்டும் கிடைக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவற்றோடு நிறுத்திவிடாமல் மியான்மர், தாய்லாந்து, தென்சீனம் வரை பாருங்கள். ஹான்ஸ் மாலிக்கி 2010-இல் வெளியிட்ட தென்கிழக்கு ஆசியக் கேடிஸ் படத்தொகுப்பு, ஓவியங்களை வரிசையாகப் புரட்டிப் பார்க்க ஏற்றது.

நம் பகுதியின் இலக்கியம் பல மொழிகளில் சிதறிக் கிடக்கிறது. இலங்கைப் பூச்சிகளை ஹாகன் 1858-59 வாக்கில் விவரித்தார். இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பை மார்ட்டினோவ் 1930-களில் ஆராய்ந்தார். அதே காலத்தில் லண்டனில் மோஸ்லி எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியா முழுவதும் அலைந்து சேகரித்த ஃபெர்னான்ட் ஷ்மிட் ஏராளமான சிற்றினங்களைப் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் விவரித்தார். மொழி தெரியாததைக் காரணமாகச் சொல்லி இவற்றைத் தவிர்க்க முடியாது. படங்களை வைத்தே பாதி வேலை நடக்கும். மீதிக்கு மொழிபெயர்ப்புக் கருவிகள் உள்ளன.

பெரிய சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகளில்தான் இருக்கிறது. அன்று பலர் சிறகின் நிறத்தையும் அளவையும் மட்டும் சில வரிகளில் எழுதி நிறுத்திக்கொண்டார்கள். அந்த வரிகள் உங்கள் பூச்சிக்கும் பொருந்தலாம், இன்னும் பத்துப் பூச்சிகளுக்கும் பொருந்தலாம். அங்கே வழி ஒன்றுதான்: அந்தப் பெயரைத் தாங்கும் மூல மாதிரியைப் பார்ப்பது, அல்லது அதைப் பின்னாளில் மறுஆய்வு செய்து வரைந்தவருடைய கட்டுரையைத் தேடுவது. மோஸ்லியின் மூல மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும், ஷ்மிட் சேகரித்தவற்றுள் பெரும்பகுதி ஒட்டாவாவில் உள்ள கனடா தேசியப் பூச்சித் தொகுப்பிலும் இருக்கின்றன. பொறுப்பாளருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, எந்தக் கோணத்தில் எந்த உறுப்பின் படம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் உதவி கிடைக்கும்.

பழைய பெயர்கள் எவ்வளவு விசித்திரமாக அமையலாம் என்பதற்கு ஹெலிகாப்சைக்கி என்ற கேடிஸ் பேரினம் ஒரு சான்று. அதன் புழு மணற்துகள்களைப் பட்டுநூலால் ஒட்டி நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட கூட்டைக் கட்டும். 1834-இல் ஐசக் லீ என்ற அமெரிக்கர் அந்தக் கூட்டை நன்னீர் நத்தை என்றே கருதி, வால்வேட்டா பேரினத்தில் புதிய சிற்றினமாக விவரித்துவிட்டார்.

வேறுபாடு கண்ணில் பட்டதும் அது நிலையானதா என்று கேளுங்கள். கிடைத்த ஆண் பூச்சிகள் அனைத்தையும், முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஓடைகளிலிருந்து, தெளிவாக்கிப் பாருங்கள். கீழ் இணையுறுப்பின் நுனி சற்றுக் கூராகவோ மழுங்கியோ இருப்பது ஒரே கூட்டத்துக்குள்ளேயே மாறக்கூடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று உறுப்புகளில் வேறுபாடு ஒன்றாக வந்து, இடைப்பட்ட வடிவம் எதுவும் கிடைக்காதபோதுதான் புதிய சிற்றினம் என்ற கருத்துக்கு வலு வரும்.

டிஎன்ஏ, பெண் பூச்சி, புழு

ஒரு காலை எடுத்து, பார்கோடு எனப்படும் 658 கார இணைகள் கொண்ட சிஓஐ மரபணுத் துண்டைப் படிக்கச் செய்யலாம். இது ஒப்பீட்டுக்கு நல்ல துணை, தீர்ப்பு அன்று. இரண்டு அல்லது மூன்று விழுக்காடு வேறுபட்டால் புதிய சிற்றினம் என்று கோடு கிழிப்பவர்களை நம்ப வேண்டாம். தென்னிந்திய ஓடைகளின் பெயரிடப்பட்ட சிற்றினங்கள் பலவற்றுக்குத் தரவுத்தளத்தில் வரிசையே இல்லாதபோது, 'எதனோடும் பொருந்தவில்லை' என்ற முடிவுக்குப் பொருள் குறைவு.

பார்கோடு உண்மையில் கைகொடுப்பது பெண்ணையும் புழுவையும் ஆணோடு இணைப்பதில். பெண்களின் வயிற்று நுனி பல பேரினங்களில் ஒன்றுபோலத் தெரிவதால், ஒரே இரவில் ஒரே தட்டில் விழுந்தன என்பதை மட்டும் வைத்துச் சோடி சேர்க்கக் கூடாது. புழுவை இணைக்க ஆய்வுக்கூடம் தேவைப்படாத பழைய வழி ஒன்றும் உண்டு. கல்லில் ஒட்டி மூடியிருக்கும் கூட்டுப்புழு உறைகளை எடுத்துத் திறந்து பாருங்கள். முதிர்ந்த ஆண் கூட்டுப்புழுவின் தோலுக்குள் வளர்ந்த பூச்சியின் பிறப்புறுப்பு ஏறத்தாழ உருவாகியிருக்கும். பல குடும்பங்களில் புழு கழற்றிய தலைத்தோலும் மார்புத் தகடுகளும் கால்களும் அதே உறையின் பின்முனையில் கசங்கிக் கிடக்கும். புழுப் பருவத்தின் அடையாளமும் ஆணின் அடையாளமும் ஒரே உறையில் அகப்படும் இந்த முறை எளிமையானது. மலை ஓடைகளில் இதைப் போதிய அளவுக்கு யாரும் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

எழுதுதலும் பெயரிடலும்

விவரிப்பில் இரண்டு பகுதிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேறுபாட்டுக் குறிப்பு என்பது நெருங்கிய சிற்றினங்களிலிருந்து இது எதனால் பிரிகிறது என்று சில வாக்கியங்களில் சொல்வது. முழு விவரணை என்பது நிறம், முன்சிறகின் நீளம், பிறகு உறுப்பு உறுப்பாக வடிவம் என்று ஒரே வரிசையில் எல்லாவற்றையும் எழுதுவது. பின்னால் வருபவர்கள் அதிகம் படிக்கப்போவது முதலாவதை. 'கீழ் இணையுறுப்பு நீளமானது' என்று எழுதினால் பயனில்லை. எதைவிட நீளம், எந்தத் தோற்றத்தில், எந்தச் சிற்றினத்தில் அது எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும்.

பெயரிடுதல் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி நடக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு, பெயர் புதியது என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதையும், ஒரே ஒரு மாதிரியையோ குறிப்பிட்ட மாதிரித் தொகுதியையோ மூல மாதிரியாக அறிவிப்பதையும், அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்று சொல்வதையும் கட்டாயமாக்குகிறது. ஒரே மாதிரியை ஹோலோடைப்பாக நிறுத்துவதே நல்ல நடைமுறை. முழுமையான, நன்றாகத் தெளிவாக்கிய ஆண் பூச்சியையே அதற்குத் தேர்ந்தெடுங்கள். உடன் ஆராய்ந்த மற்றவை பாராடைப்புகள். மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், 2012-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி அதை முன்னதாகவே விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிந்து, பதிவுச் சான்றைக் கட்டுரைக்குள் காட்ட வேண்டும். வெளிவரும் வரை அந்தப் பெயரை மாநாட்டிலோ சமூக ஊடகத்திலோ பயன்படுத்தாதீர்கள்.

இடத்தின் பெயரைச் சூட்டுவது பழகிய வழி. கொடைக்கானலின் பெயரால் 1980-இல் விவரிக்கப்பட்ட ஸ்டெனோப்சைக்கி கொடைக்கானலென்சிஸ் நம் மலைக்கே உரிய எடுத்துக்காட்டு. மனிதரின் பெயரைச் சூட்டும்போது ஆணுக்கு ஈ, பெண்ணுக்கு ஏ என்ற லத்தீன் விகுதிகள் வரும். சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு ஒத்துப்போக வேண்டும். தன் பெயரையே சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை, வழக்கம் தடுக்கிறது.

இந்தியாவில் கண்டறியப்படும் புதிய வகைகள் குறித்து 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் 39-ஆம் பிரிவில் ஒரு கடமையை விதிக்கிறது: அரசு அறிவித்துள்ள காப்பகத்துக்குத் தகவல் தெரிவித்து, சான்று மாதிரிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அப்படிப்பட்ட காப்பகம் இந்திய விலங்கியல் ஆய்வகம். தலைமையகம் கொல்கத்தாவில், தென்மண்டல மையம் சென்னையில். கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு முன்பே ஒப்படைத்துப் பதிவெண் பெற்றுக்கொண்டால் அந்த எண்ணை விவரிப்பிலேயே அச்சிடலாம். ஒப்படைக்கும்போது, தெளிவாக்கிய வயிற்று நுனியைக் கிளிசரினோடு சிறு குப்பியிலிட்டு, அதை அதே பூச்சியின் உடல் இருக்கும் எத்தனால் குப்பிக்குள்ளேயே வைத்து, இரண்டிலும் ஒரே எண்ணுள்ள சீட்டைப் போடுங்கள். டிஎன்ஏ எடுத்த கால் எது என்பதையும் அந்தச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள்.